வால் நுனியில் ஒரு கொக்கி

இத்தாலியின் பெர்கமோ நகரில், கோட்டை மதில் சூழ்ந்த பழைய மேல்நகரத்துக்குள், என்ரிகோ காஃபியின் பெயரைத் தாங்கிய இயற்கை அறிவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ள ஒரு சுண்ணாம்புக்கல் பலகையில், சுமார் அரை மீட்டர் நீளமுள்ள ஊர்வன விலங்கொன்றின் எலும்புக்கூடு நசுங்கிப் படிந்திருக்கிறது. அதற்குத் தலை இல்லை, கழுத்தும் இல்லை. வால் மட்டும் கடைசி எலும்பு வரை தப்பியிருக்கிறது. அந்தக் கடைசி எலும்பு இருபத்தொரு கோடி ஆண்டுகளில் கடந்து வந்த வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பல்லியின் வாலில் முள்ளெலும்புகள் நுனியை நோக்கிப் போகப் போகச் சிறுத்து, நூலிழை போல மெலிந்து முடிந்துவிடும். இந்த விலங்கில் நடந்தது வேறு. வாலின் முடிவில் எலும்பு மெலியாமல் திரண்டு, கீழ்நோக்கி வளைந்து, கூர்மையாகி நிற்கிறது. தனியாக எடுத்து மேசையில் வைத்தால், ஏதோ ஒரு வேட்டை விலங்கின் கால் நகம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அது வளர்ந்த விதத்தில் அது முதுகெலும்பின் ஒரு கணு. நகத்தின் வடிவை எடுத்துக்கொண்ட முள்ளெலும்பு. விலங்கின் பெயர் ட்ரெபனோசாரஸ் உங்குயிகௌடாட்டஸ்.

இந்தக் கொக்கி உயிரோடு இருந்த காலம் டிரையாசிக் காலத்தின் பிற்பகுதி. இன்றைய வட இத்தாலி அப்போது டெத்திஸ் என்னும் வெப்பக்கடலின் மேற்கு ஓரமாக இருந்தது. ஆழமற்ற சுண்ணாம்புத் திட்டுகள் பரந்து கிடந்தன. இடையிடையே செடிகொடி அடர்ந்த தீவுகளும், திட்டுகளுக்கு நடுவே ஆழமான நீர்ப்பள்ளங்களும் இருந்தன. பூக்கும் மரம் ஒன்றுகூடத் தோன்றியிராத காலம் அது. பறவைகளும் இல்லை. வானத்தில் பறக்கும் ஊர்வனவான டெரோசார்கள் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. ஊசியிலை மரங்களின் கிளைகளில் வண்டுகளும் புழுக்களும் இருந்தன. அவற்றைத் தேடி மேலே ஏறிப்போகும் ஊர்வனவும் இருந்தன.

மரமேறுவது என்றால் நமக்கு முதலில் கைகால் நினைவுக்கு வருகிறது. ட்ரெபனோசாரஸும் அதன் உறவினங்களும் அதை வாலிலிருந்து தொடங்கின என்றே சொல்லலாம். இவற்றின் வால் முள்ளெலும்புகளுக்கு அடியில் நீளமான எலும்பு முட்கள் ஒட்டி இணைந்திருக்கின்றன. அதனால் வால் பக்கவாட்டில் தட்டையாகவும் மேலிருந்து கீழாக அகலமாகவும் இருக்கும். முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் மூட்டுகளைப் பார்த்தால், வாலை இடமும் வலமும் வீச இடமே இல்லை. கீழ்நோக்கிச் சுருட்டலாம், நிமிர்த்தலாம். அவ்வளவுதான். கிளையை வளைத்துப் பிடிக்கத் தேவையான அசைவு அதுதான். சுருண்ட வாலின் நுனியில் கொக்கி பட்டையில் இறங்கும்போது, விலங்கின் எடையில் ஒரு பங்கு அந்த எலும்பின் மேல் இறங்கியிருக்கும்.

பனையேறி, காலில் தளைநாரை மாட்டி மரத்தோடு தன்னை இறுக்கிக்கொள்வதே பாளை சீவக் கை இரண்டும் வேண்டும் என்பதற்காகத்தான். ட்ரெபனோசாரஸின் வால் கொக்கியையும் அப்படிப் பார்த்தால்தான் அதன் முழுப் பயன் புரிகிறது. வாலும் பின்னங்காலும் பிடித்துக்கொள்ள, முன்கை வேறு வேலைக்கு விடுபடுகிறது. அந்த முன்கை என்ன வேலை செய்தது என்பதற்குப் பிறகு வருகிறேன், அது தனிக் கதை.

மரத்தில் வாழ்ந்த விலங்கு புதைபடிவமாவது அரிது. காட்டுத் தரையில் விழும் உடல் தின்னப்படும், அழுகும், எலும்பும் மட்கி மண்ணோடு போகும். மரத்தை விட்டு இறங்காத உயிர்களைப் பற்றி நாம் குறைவாகவே அறிந்திருக்கிறோம் என்றால் அதற்குக் காரணம் இதுவே. அவை குறைவாக வாழ்ந்ததால் அல்ல. ட்ரெபனோசாரஸின் உடலோ எப்படியோ தீவின் விளிம்பைக் கடந்து நீருக்கு வந்து சேர்ந்தது. திட்டுகளுக்கு இடையிலிருந்த பள்ளத்தின் அடியில் நீர் தேங்கிக் கிடந்தது. அங்கே ஆக்ஸிஜன் இல்லாததால் பிணந்தின்னும் நண்டோ புழுவோ பிழைக்க முடியவில்லை. மெல்லிய சுண்ணாம்புச் சேறு அடுக்கடுக்காக மேலே படிந்தது. அதனால்தான் வால் நுனியில் இருந்த சின்ன எலும்புகூட இடம் மாறாமல் இருக்கிறது.

அதே சேற்றில் மீன்கள் ஏராளமாகப் படிந்தன. இறால் வகைகள் படிந்தன, முதலையைப் போன்ற உருவமுள்ள ஃபைட்டோசார்களும் படிந்தன. ட்ரெபனோசாரஸ் பற்றியிருந்த கிளை அதோடு வரவில்லை. மரத்தின் உயிர், மரமில்லாமல் மீன்களோடு அடக்கமானது. இந்த ஒரு விஷயம் பின்னால் வந்த ஆய்வாளர்களை எவ்வளவு தூரம் திசைதிருப்பியது என்பதைப் பார்க்கும்போது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. கிடைத்த இடத்தை வைத்து வாழ்ந்த இடத்தை முடிவு செய்யும் பழக்கம் நமக்கு அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

சேறு கல்லானது. இன்று அதற்கு சோர்சினோ சுண்ணாம்புக்கல் என்று பெயர். பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள் அந்தக் கல்லுக்கு எதுவும் நேரவில்லை. நேர்ந்தபோது பெரிதாக நேர்ந்தது: ஆப்பிரிக்கப் பக்கத்து நிலத்துண்டு ஐரோப்பாவோடு மோதி, கடலடி மடிந்து ஆல்ப்ஸ் மலையாக எழுந்தது. கொக்கியும் அதோடு மேலே வந்தது.

பெர்கமோவுக்கு அருகில் செரியானா பள்ளத்தாக்கில் சேனே என்னும் ஊர். அங்குள்ள குவாரியில் பெர்கமோ அருங்காட்சியகத்தார் புதைபடிவம் தேடினார்கள். 1973இல் அந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரோக்கோ சம்பெல்லி, அங்கே கிடைத்த யூடிமார்ஃபோடான் என்னும் டெரோசாரை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அப்போது அறியப்பட்டவற்றில் மிகப் பழைய பறக்கும் ஊர்வன அது. அதனால் உலகின் கவனம் சேனே பக்கம் திரும்பியது. அதே குவாரியில் கிடைத்ததுதான் நம் பலகை. மிலான் நகரின் தொல்லுயிரியலாளர் ஜியோவானி பின்னா 1980இல் அதை விவரித்துப் பெயர் வைத்தார். பல்லிகளும் பாம்புகளும் அடங்கிய கிளையில் அதைச் சேர்த்தார்.

அதே 1980இல், இத்தாலியின் வடகிழக்கே ஃப்ரியூலி பகுதியின் பிரேயோனே பள்ளத்தாக்கில் கிடைத்த இன்னொரு விலங்குக்கும் பெயர் சூட்டப்பட்டது. அது மெகாலங்கோசாரஸ். அங்கே கிடைத்தது முன்பாதி: தலை, நீண்ட கழுத்து, தோள், கைகள். சேனேயில் தலையில்லாத உடல், பிரேயோனேயில் பின்பாதி இல்லாத உடல். இரண்டும் நெருங்கிய உறவு என்று தெளிவாகச் சில ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் ஆளுக்கொரு விளக்கம் வந்துவிட்டது.

மெகாலங்கோசாரஸின் தலை பறவையின் தலையைப் போலக் கூம்பியிருந்தது. ஆலன் ஃபெடுச்சியாவும் ரூபர்ட் வில்டும் 1993இல் அதைக் காட்டி, பறவைகளின் மூலத்தை டைனோசர்களிடம் தேடாமல் இப்படிப்பட்ட மரவாசி ஊர்வனவிடம் தேடலாம் என்று எழுதினார்கள். 1998இல் ஜான் ரூபன், அது காற்றில் சறுக்கிய விலங்கு என்றார். அமெரிக்காவில் கிடைத்த உறவினங்களை நீச்சல் விலங்குகள் என்றே வகைப்படுத்தினார்கள். நியூ மெக்ஸிகோவில் கிடைத்து 1992இல் பெயர் பெற்ற டோலப்ரோசாரஸுக்கு, நீரில் வாழ்வது என்று பொருள்படும் பின்பெயரே வைத்துவிட்டார்கள். நியூ ஜெர்ஸியின் ஏரிப் படிவங்களில் கிடைத்த ஹைப்யூரோனெக்டரின் வால் ஒரு பெரிய இலையைப் போல அகன்றது. எட்வின் கோல்பர்ட்டும் பால் ஓல்சனும் 2001இல் அதை விவரித்தபோது, அந்த வாலைத் துடுப்பாகவே கண்டார்கள். ஏரியில் கிடைத்தது, வால் அகன்றது. அப்புறம் நீந்தாமல் என்ன செய்யும்?

சில்வியோ ரெனெஸ்தோ என்னும் இத்தாலிய ஆய்வாளர் இந்த வழக்கை மறுபடி விசாரித்தார். 1994இல் மெகாலங்கோசாரஸ் குறித்து எழுதிய கட்டுரைக்குத் தலைப்பிலேயே, மரவாசியாக இருந்திருக்கக்கூடும் என்று ஐயத்தோடு குறிப்பிட்டார். பிறகு வந்த ஆண்டுகளில் அந்த ஐயத்தை எலும்பு எலும்பாகக் களைந்தார். எனக்கு அவருடைய வாதத்தில் மிகவும் பிடித்தது அதன் எளிமை. வாலால் நீந்தும் ஊர்வன எல்லாம் முதலையைப் போல வாலை இடம்வலமாக வீசித்தான் நீந்துகின்றன. இந்த விலங்குகளின் வாலால் அது முடியாது. மூட்டுகள் தடுக்கின்றன. வால் எவ்வளவு அகன்றிருந்தால் என்ன? வீச முடியாத துடுப்பு துடுப்பாகாது.

வால் ஒரு சாட்சி என்றால் கைகள் இன்னொரு சாட்சி. மெகாலங்கோசாரஸின் கையில் ஐந்து விரல்களும் ஒரே வரிசையில் இல்லை. இரண்டு விரல்கள் ஒரு பக்கம், மூன்று மறுபக்கம் எனப் பிரிந்து, கிளையை இடுக்கியாகக் கவ்வும் அமைப்பு. நம் ஊர் வேலியோரம் பச்சோந்தி சுள்ளியைப் பற்றிக்கொண்டு அசைந்து அசைந்து நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கையைப் புரிந்துகொள்ள வேறு விளக்கம் தேவைப்படாது. பச்சோந்திக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. மெல்லிய கிளையில் சறுக்காமல் நடக்க வேண்டும் என்ற ஒரே தேவை இரண்டையும் ஒரே விடைக்குக் கொண்டுவந்தது. ஏறும் விலங்குகளில் நகத்துக்கு முந்தைய விரலெலும்பு நீண்டிருப்பது வழக்கம். நீண்ட அந்த எலும்பு நகத்தை நன்றாக மடக்கிப் பிடிக்க உதவும். அதையும் இங்கே பார்க்கலாம். சில மெகாலங்கோசாரஸ் எலும்புக்கூடுகளில் காலின் பெருவிரல் நகமே இல்லாமல், நம் கைக்கட்டைவிரலைப் போல மற்ற விரல்களுக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது. எல்லா எலும்புக்கூடுகளிலும் இப்படி இல்லாததால், இது ஆண் பெண் வேறுபாடாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

தோளுக்கு மேலே ஒரு திமில் இருக்கிறது. முதுகின் முன்பகுதி முள்ளெலும்புகளின் மேல்முட்கள் உயர்ந்து ஒன்றோடொன்று இணைந்ததால் உண்டான திமில் அது. கழுத்துத் தசைகள் அதில் வேர்பிடித்திருந்தன. உடல் கிளையில் அசையாமல் நிற்க, கழுத்து மட்டும் சட்டென்று முன்னே பாய்ந்து பூச்சியைக் கவ்வியிருக்கும் என்று ரெனெஸ்தோ கருதினார். பச்சோந்தி நாக்கை வீசுகிறது. மெகாலங்கோசாரஸ் தலையையே வீசியது. தோள்பட்டை எலும்பும் பரந்த பலகையாக இல்லாமல் ஒடுங்கி உயரமாக இருந்தது. கிளைக்குக் கிளை கையை நீட்டி எட்டிப் பிடிக்க அது வசதி.

ட்ரெபனோசாரஸின் முன்கையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அதன் கை மெகாலங்கோசாரஸின் கையைப் போல இல்லை. இரண்டாம் விரலில் ஒரு பிரம்மாண்டமான நகம். மற்ற விரல் நகங்கள் அதன் முன் ஒன்றுமே இல்லை. முழங்கைக்குக் கீழே இருக்க வேண்டிய எலும்புகளோ யாருக்கும் பிடிபடவில்லை. பிறை வடிவில் தட்டையான ஓர் எலும்பு அங்கே இருந்தது. அது எந்த எலும்பு என்பதில் வாதம் நீண்டது. கை பலகையில் நசுங்கியிருந்ததால், அதுவே அதன் இயல்பான இடமா, நசுங்கலில் நகர்ந்து வந்ததா என்று அறுதியிட்டுச் சொல்வது கடினமாக இருந்தது.

இதில் ஏன் இவ்வளவு தயக்கம்? கால்களோடு நிலத்துக்கு வந்த முதுகெலும்பிகளின் வரலாறு முழுவதும் முன்கையின் வரைபடம் ஒன்றுதான். மேற்கையில் ஓர் எலும்பு, அதற்குக் கீழே ரேடியஸ், அல்னா என இரண்டு எலும்புகள் அருகருகே ஏறத்தாழ இணையாக, பிறகு மணிக்கட்டின் சின்னச் சின்ன எலும்புகள். வௌவாலின் இறக்கையிலும் திமிங்கிலத்தின் துடுப்பிலும் இதே வரிசைதான். நீளம் மாறும், பருமன் மாறும். அடிப்படை ஒழுங்கு மாறாது. நசுங்கிய ஒரே ஓர் எலும்புக்கூட்டை நம்பி, அந்த ஒழுங்கு ஒரு விலங்கில் உடைந்தது என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது.

விடை அட்லாண்டிக்குக்கு அப்பால் கிடைத்தது. நியூ மெக்ஸிகோவின் கோஸ்ட் ரான்ச்சில், ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் வரைந்து புகழ்பெற்ற செந்நிறக் குன்றுகளுக்கிடையே, ஹேடன் குவாரி என்னும் இடம் இருக்கிறது. அங்குள்ள படிவங்களின் வயது சுமார் 21.2 கோடி ஆண்டுகள். ட்ரெபனோசாரஸின் கையெலும்புகள் அங்கே நசுங்காமல் முழுத் திரட்சியோடு கிடைத்தன. ஆடம் பிரிச்சர்டும் அவருடைய குழுவினரும் அவற்றை நுண் சி.டி. ஸ்கேனில் வைத்துப் பார்த்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பிறை எலும்பு அல்னாவேதான். அது ரேடியஸுக்கு இணையாக ஓடவில்லை; முழங்கையில் அகன்று நின்று, கையை இழுக்கும் தசைகளுக்குப் பெரிய நெம்புகோலாக வேலை செய்தது. அல்னா விட்டுக்கொடுத்த இடத்தை மணிக்கட்டின் இரண்டு எலும்புகள் நீண்டு நிரப்பின. வழக்கமாகக் கூழாங்கல் அளவில் இருக்க வேண்டிய மணிக்கட்டு எலும்புகள் ரேடியஸையும் மிஞ்சும் நீளத்துக்கு வளர்ந்திருந்தன. கைக்கு ஒரு கண்ணி கூடிவிட்டது போலாயிற்று.

இந்தக் கை எதற்கு? தென் அமெரிக்கக் காடுகளில் மரத்திலேயே வாழும் சின்னஞ்சிறு எறும்புத்தின்னி ஒன்று உண்டு. வாலாலும் பின்னங்காலாலும் கிளையைப் பற்றிக்கொண்டு, முன்கையின் பெரிய நகத்தை மரத்தில் இறக்கி, வெடுக்கென்று இழுத்துப் பட்டையைப் பிளந்து உள்ளே இருக்கும் எறும்புகளைத் தின்னும். ட்ரெபனோசாரஸின் கைக்கு மிக அருகில் வரும் இன்றைய கை அதுதான் என்று பிரிச்சர்டு குழு சொன்னது. வால் நுனிக் கொக்கியின் பொருள் இங்கேதான் முழுமை பெறுகிறது. கிளையை அவ்வளவு பலமாக இழுக்கும் விலங்கு, அதே இழுப்பில் தானே கிளையிலிருந்து பிடுங்கப்படாமல் இருக்க வேண்டுமே. முன்கையின் நகமும் வாலின் கொக்கியும் ஒரே காரியத்தின் இரண்டு முனைகள் என்று நான் நினைக்கிறேன். 1980இல் பின்னா வைத்த பெயரிலேயே இரண்டும் இடம்பெற்றிருந்தன. அவை ஏன் ஒரே உடலில் சேர்ந்தன என்பதைத்தான் அந்தக் கையெலும்புகள் 36 ஆண்டுகள் கழித்து விளக்கின.

தலை? சேனேயின் பலகையில் இல்லாத தலைக்கு நிகரான ஒன்று, 2017இல் அதே கோஸ்ட் ரான்ச்சின் வேறொரு குவாரிப் பாறைத்துண்டுக்குள் தெரிந்தது. அந்தக் குவாரி, சீலோஃபைசிஸ் என்னும் சிறு டைனோசர்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்ததற்குப் பேர்போனது. பிரிச்சர்டும் ஸ்டெர்லிங் நெஸ்பிட்டும் ஸ்கேன் படங்களிலிருந்து மண்டையோட்டைக் கட்டியெழுப்பி, அவிக்ரேனியம் ரெனெஸ்தோய் என்று பெயரிட்டார்கள். மரவாசி என்ற வழக்கை அத்தனை ஆண்டுகள் நடத்திய ரெனெஸ்தோவுக்கு இப்படியொரு மரியாதை கிடைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்தத் தலையில் பல் இல்லை. மூளைப் பகுதி பறவையினுடையதைப் போல உப்பியிருந்தது. கண்கள் பெரியவை, முன்னோக்கிப் பார்ப்பவை. அடுத்த கிளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்க வேண்டிய விலங்குக்கு முன்னோக்கிய கண்கள் பேருதவி.

உறவுமுறையில் மட்டும் இன்னும் உடன்பாடில்லை. பின்னா பல்லிப் பக்கம் வைத்ததைப் பின்னால் வந்தவர்கள் முதலை, டைனோசர், பறவைகளின் பக்கம் நகர்த்தினார்கள். 2017இன் ஆய்வு இந்த இரண்டு கிளைகளும் பிரிவதற்கு முன்பே பிரிந்த மிகப் பழைய கிளை என்றது. 2024இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு மறுபடி முதலை, டைனோசர் பக்கத்துக்கே கொண்டுபோனது. உடல் இவ்வளவு உருமாறியிருந்தால் முன்னோரின் அடையாளத்தை அதில் தேடுவது கடினம்தான்.

மரம் என்ற முடிவும் எல்லா உறவினங்களுக்கும் பொருந்துவதில்லை. அரிசோனாவின் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவில் தனித்தனி நகங்களாகக் கிடைத்து 2020இல் பெயர் பெற்ற ஸ்கைபலோனிக்ஸ், பக்கவாட்டில் அகன்ற நகங்களைக் கொண்டது. அவை மண் தோண்டும் விலங்குகளின் நகங்களை ஒத்திருக்கின்றன. பட்டையைப் பிளக்கப் பழகிய கை, தரைக்கு இறங்கியதும் மண்ணைப் பிளக்கத் திரும்பியிருக்கலாம்.

2025இல் இந்தக் குடும்பத்தின் வரலாறு இன்னும் பின்னோக்கி நீண்டது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் லூயி கிராவோகல் என்பவர் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த புதைபடிவங்கள், 2019இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அவற்றைச் சுத்தம் செய்தபோது வெளிப்பட்டது மிராசௌரா. ஸ்டெஃபன் ஸ்பீக்மனும் ரைனர் ஷோக்கும் உள்ளிட்ட குழு அதை நேச்சர் இதழில் விவரித்தது. வயது சுமார் 24.7 கோடி ஆண்டுகள். முதுகில் இறகும் இல்லாத செதிலும் இல்லாத நீண்ட மடல்கள் விசிறியாக எழுந்து நின்றன. பறவை போன்ற தலையும் மரமேறும் உடலும் அதற்கும் இருந்தன. பெர்மியன் காலத்தின் முடிவில் பெரும்பாலான உயிரினங்களை அழித்த பேரழிவு நடந்து அப்போது 50 லட்சம் ஆண்டுகள்தான் கடந்திருந்தன. அந்த அழிவில் காடுகளும் சிதைந்தன, அவை மீண்டெழப் பல லட்சம் ஆண்டுகள் ஆயின. மரங்கள் திரும்பிவந்த கொஞ்ச காலத்துக்குள்ளேயே அவற்றில் ஏற ஆளும் வந்துவிட்டது.

மிராசௌரா கிடைத்த மணற்கல்லுக்கு வோல்ட்சியா மணற்கல் என்று பெயர். வோல்ட்சியா ஓர் ஊசியிலை மரம். பழைய ஆற்றுக் கழிமுகத்தின் படிவம் அது. மரத்தின் கிளைகளும் இலைகளும் கூம்புகளும் பூச்சிகளோடும் மீன்களோடும் அதே கல்லில் கிடைக்கின்றன. சேனேயில் கிளையில்லாமல் வந்த விலங்கை மரவாசி என்று நிறுவ எலும்பு மூட்டுகளை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. அல்சாஸில் தேடுகிறவர்களுக்கு, அந்த விலங்கு ஏறிய காலத்து மரமும் கையில் இருக்கிறது.